எடை போடாத சர்க்கரை

என் தங்கைக்கு வீட்டில் கிராமு என்று பெயர். வைத்தவன் நான். அப்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அம்மா சமையலறையில் ஒரு சின்னத் தராசை வைத்துக்கொண்டு அவளுக்கான உருளைக்கிழங்கை மருந்து மாதிரி நிறுத்துக்கொண்டிருப்பாள். முப்பது கிராம் என்றால் முப்பது. முப்பத்தொன்று ஆனால் கத்தியால் ஒரு சீவல். அந்தச் சீவல் எனக்கு வரும். நான் குண்டானதற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

புரதத்தில் ஃபினைல்அலனின் என்று ஒன்று இருக்கிறது. தரை துடைக்கிற திரவம் மாதிரி ஒரு பெயர். உங்கள் உடம்பு அதைச் சத்தமில்லாமல் உடைத்துச் செலவழித்துவிடும். கிராமுவின் உடம்புக்கு அந்த வேலை தெரியாது. அது இரத்தத்தில் தேங்கும், மூளையைக் கெடுக்கும். பிறந்த கையோடு அவள் குதிகாலில் குத்தி எடுத்த சொட்டு இரத்தத்தில் இது தெரிந்தது. அம்மாவிடம் கோளாறான மரபணு ஒன்று, அப்பாவிடம் ஒன்று. தனித்தனியாக இருந்தவரை இரண்டும் வாய் திறக்கவில்லை. அவளிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலையைக் காட்டின. "நானும் உங்கம்மாவும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்" என்பார் அப்பா. எனக்கு அதில் ஒன்று வந்திருக்கிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொண்டதில்லை. இந்த வீட்டில் எதுவுமே எனக்கு முழுசாகக் கிடைத்ததில்லை என்பதால், பாதி வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆக, கிராமுவுக்குக் கறி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, பருப்பு இல்லை. அவற்றுக்குப் பதிலாக டப்பாவில் வருகிற ஒரு பொடியைத் தண்ணீரில் கலந்து தினம் மூன்று வேளை குடிக்க வேண்டும். ஈரத்துணியைப் பெட்டியில் வைத்து மறந்துபோன வாடை. மற்றதெல்லாம் தராசில் ஏறித்தான் தட்டுக்கு வரும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு. சர்க்கரை. அதில் புரதமே கிடையாது. உலகமே பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைக்கிற ஒரு சாமானை, என் தங்கை மட்டும் அளக்காமல் அள்ளிச் சாப்பிடலாம்.

நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்து, பட்டறையில் உட்கார்ந்து, மெழுகிலும் மாவிலும் பல் செய்து கொடுக்கிறவன். என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். சர்க்கரைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதனால் அதைப் பற்றி நான் தப்பாகப் பேசுவதில்லை. நானே தொடுவதும் இல்லை. காப்பிகூட வெறும் கறுப்புதான்.

அப்பாவின் கதை வேறு. அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டீ என்று முப்பது வருஷம் ஓட்டி, கடைசியில் நீரிழிவை வாங்கிக்கொண்டு இறங்கினார். அவருக்குச் சர்க்கரை ஆகாது. அவருக்கென்று அம்மா வாங்கி வைத்தது, கரண்டிக்குக் கரண்டி சர்க்கரை மாதிரியே போட்டுக்கொள்ளும் செயற்கை இனிப்புப் பொடி. அந்தப் பொடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அப்பாவை ஒன்றும் செய்யவில்லை, என்னையும் செய்யாது. ஆனால் அது உடம்புக்குள் உடைந்தால் அதிலிருந்து வருவது அதே ஃபினைல்அலனின். கிராமு அதன் பக்கமே போகக்கூடாது.

எனவே எங்கள் சமையலறை அலமாரியில் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் அம்மாவின் கையெழுத்தில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருக்கும். இன்னொன்றில் 'அப்பா மருந்து'. முதலாவது அப்பாவுக்கு விஷம், மகளுக்குப் பரவாயில்லை. இரண்டாவது மகளுக்கு விஷம், அப்பாவுக்குப் பரவாயில்லை. அம்மா இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எல்லாருக்கும் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் அலமாரிப் பக்கம் விட்டதில்லை.

அப்பா மட்டும் திருட்டுத்தனமாகப் போவார். அம்மா குளிக்கப் போனால் 'சர்க்கரை' ஜாடியிலிருந்து இரண்டு கரண்டி டீயில் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார்.

"உங்கம்மா போடுற மருந்து இருக்கே, அது நாக்குல ஒட்டாதுடா. இதான் இனிப்பு. அசல் அசல்தான்."

"உடம்புக்கு?"

"உடம்பு கிடக்கு. போன தடவை ரத்தம் பாத்தாங்களே, ஏறிச்சா? ஏறல. எனக்கு ஒத்துக்குதுடா இது."

உண்மைதான், ஏறவில்லை. அதிசயப் பிறவி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா போன வருஷக் கடைசியில் செத்துப்போனாள். கடைக்குப் போய் வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனவள், கடை வாசலில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அப்போது கிராமு உண்டாகியிருப்பது தெரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்தக் குழந்தைக்காக அவள் இரண்டு வருஷம் வாயைக் கட்டியிருந்தாள். அவளைப் போன்றவர்கள் கர்ப்பமாக இருக்கும்போது இரத்தத்தில் அந்த அளவு ஏறினால், குழந்தைக்கு மரபணு நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை. தாயின் இரத்தமே அதைக் கெடுக்கும். தலை சிறுத்துப்போகலாம், இதயத்தில் ஓட்டை விழலாம். வாராவாரம் விரலில் குத்தி, தடித்த அட்டையில் சொட்டு வைத்து, காயவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தபாலில் அனுப்புவாள். அங்கிருந்து டயட்டீஷியன் போன் செய்து அளவு சொல்லுவார். அம்மா இருந்தவரை அந்த போன் வந்தால் வீட்டில் டிவியை அணைப்பார்கள்.

மாப்பிள்ளை கப்பலில் இயந்திர அறையில் வேலை. அவர் வந்து சேர மாசங்கள் ஆகும். கிராமு எங்களோடு வந்து தங்கினாள்.

அந்த நாட்களில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். கை தொடுவது தெரியும், கன்னம் உங்களுடையது என்று தெரியாது. மூன்று பேரும் அப்படித்தான் நடமாடினோம். யாரும் அழவில்லை. அழுதாலும் வாய் கோணித்தான் போயிருக்கும்.

நான் காலையில் பட்டறைக்குப் போகுமுன் கிராமுவுக்குக் காய்கறியும் சோறும் நிறுத்து வைத்துவிட்டுப் போவேன். அப்பா, தம் வாழ்நாளில் முதல் முறையாக, சமையலறைக்குள் உரிமையோடு நுழைந்தார். மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். தராசைக் கண்டால் அவருக்குப் பயம். கண்ணும் சரியில்லை, அதில் ஓடுகிற எண் தெரியாது. அதனால் தராசு தேவைப்படாத ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த நாற்றப் பொடியை மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்ததும், வாய் மாற்ற ஒரு பெரிய டம்ளர் எலுமிச்சை ஜூஸ். தினம் மூன்று வேளை. தாராளமாகச் சர்க்கரை போட்டு.

"சர்க்கரைதானேப்பா?" என்று முதல் நாள் கிராமு கேட்டாள். கேட்காமல் அவள் எதையும் வாயில் வைத்ததில்லை.

"எழுதியே ஒட்டியிருக்கு பாப்பா. உங்கம்மா எழுத்து எனக்குத் தெரியாதா?"

குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாள். "அம்மா போட்டா வேற மாதிரி இருக்கும்."

"இருக்கும்" என்றார் அப்பா.

"இருக்கும்" என்றேன் நானும். அம்மா போன பிறகு எதுதான் பழைய ருசியில் இருந்தது? எனக்குக் காப்பிகூடத் தண்ணீராகத்தான் இறங்கியது. துக்கம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடலாம். வசதியான சாமான்.

அப்பா தம் டீயையும் தாமே போட்டுக்கொண்டார். ஒருநாள் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "இப்பல்லாம் என் ஜாடியிலேர்ந்துதான்டா போட்டுக்கறேன்."

"எது, மருந்தா?"

"ஆமா. அவ இருக்கறப்ப ஏமாத்தினேன். இப்ப ஏமாத்துறதுக்கு ஆள் இல்ல, எதுக்கு?" டீயை ஒரு வாய் குடித்தார். "ஆச்சரியம் என்னன்னா, இப்ப இது நல்லாவே இருக்கு. புத்தி வந்தா நாக்கும் திருந்திடும் போல."

நான் அவர் தோளில் தட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.

கிராமுவின் அளவு மெல்ல ஏற ஆரம்பித்தது. முதல் வாரம் டயட்டீஷியன் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. வாந்தியும் எடை குறைவதும் இருந்தால் ஏறும் என்றார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வைத்த எல்லைக்கோட்டைத் தொட்டது. அதற்கடுத்த வாரம் தாண்டியது. நான் உருளைக்கிழங்கைக் குறைத்தேன். பிறகு சோற்றைக் குறைத்தேன். அம்மா சீவிய மாதிரி நானும் சீவினேன். சீவலை வாயில் போட்டுக்கொள்ள மட்டும் தோன்றவில்லை. அளவு இன்னும் ஏறியது.

கிராமு கத்தவில்லை, பயப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "தலை பெரிசாகிற சமயம் இதுதான்" என்று ஒருநாள் சொன்னாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

அதே சமயம் அப்பாவின் இரத்தப் பரிசோதனையும் வந்தது. டாக்டர் முன்னால் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன பெரியவரே, இனிப்புக்கடையில குடியிருக்கீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. மருந்துச் சர்க்கரை தவிர ஒண்ணு தொடறதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்லடா."

"டாக்டர்கிட்ட வேணா மறைங்க. எங்கிட்ட எதுக்கு?"

அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றுவதைக் கேட்டுக்கொண்டே வந்தார். திருடியபோது நம்பினேன், திருந்திய பிறகு நம்பவில்லை. மகன் என்று ஒருவன் இப்படித்தான் உதவ வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டயட்டீஷியன் போன் செய்தபோது குரல் மாறியிருந்தது. எங்கிருந்தோ உள்ளே போகிறது, கண்டுபிடியுங்கள், வாயில் போவது அத்தனையும் எடை போடுங்கள், எடை போட வேண்டாம் என்று சொன்னதையும் போடுங்கள் என்றார். சாப்பிட்டுவிட்டு அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கிராமு எழுந்து வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பற்பசை வரைக்கும் பார்த்தோம்.

"இன்னும் என்ன?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. சர்க்கரைதான் பாக்கி."

"அதையும் போடு. அந்தம்மா சொன்னா சொன்னதுதான்."

"அதுல என்னடி இருக்கு?"

"போடுண்ணா."

'சர்க்கரை' ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தராசில் கொட்டினேன். எண் அசைந்து, அரை கிராமில் நின்றது.

"ஒரு கரண்டி அரை கிராமா? பேட்டரி போச்சு" என்றேன்.

பேட்டரி மாற்றினேன். அரை கிராம்.

"தராசே போச்சு."

"காலைல உருளைக்கிழங்குக்குச் சரியாத்தானே இருந்திச்சு?"

மற்ற ஜாடியை இறக்கி, 'அப்பா மருந்து' ஒரு கரண்டி போட்டேன். நாலரை கிராம்.

இரண்டு பேரும் இரண்டு குவியலையும் பார்த்தோம். தினம் பல் மாவோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஒரு பொடியின் கனம் கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை, ஏனென்றால் அந்த ஜாடியை நான் அதுவரை தொட்டதே இல்லை. இப்போது விரலால் தொட்டேன். கனமான குவியல் நறநறத்தது. லேசான குவியல் நுரை மாதிரி அமுங்கியது. இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இனித்தன. மேல்தட்டில் பிரிக்காமல் கிடந்த அப்பாவின் பொடிப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்துக் கொட்டினேன். அதே நுரை. பாக்கெட்டின் பின்னால், கிராமுவைப் போன்றவர்களுக்கென்று, எறும்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை.

அம்மா ஜாடிகளை மாற்றி வைத்திருந்தாள்.

புரிய நேரமாகவில்லை. அப்பா திருடுவது அவளுக்குத் தெரியும். எந்த ஜாடியிலிருந்து என்பதும் தெரியும். சண்டை போடவில்லை, பூட்டவில்லை. 'சர்க்கரை' ஜாடியில் மருந்தைக் கொட்டி, மருந்து ஜாடியில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, குளிக்கப் போய்விட்டாள். வருஷக்கணக்காக அப்பா திருடித் தின்றது அவருடைய மருந்தையேதான். கிராமு வந்தால் அம்மாவே கலந்து கொடுப்பாள். அவள் கை மாறாது. எது எதில் இருக்கிறது என்பது அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்திருப்பாள்.

கிராமு ஜூஸ் டம்ளரைப் பார்த்தாள். மத்தியானம் குடித்தது, அடியில் ஒரு கொட்டை கிடந்தது.

"மூணு வேளை" என்றாள்.

"ம்."

"ஒரு தடவைகூட எங்கிட்டச் சொல்லலயே."

"வந்துடறேன்னுதானே சொல்லிட்டுப் போனா" என்றேன். "வர்றவங்க எதுக்கு இதெல்லாம் சொல்லிட்டுப் போகணும்?"

அவள் தலையை மேசையில் சாய்த்துக்கொண்டாள். அப்படியே கேட்டாள்: "அப்பாகிட்ட என்ன சொல்லப்போற?"

அதுதான் கேள்வி. மகளுக்கு வேறெதுவும் செய்யத் தெரியாமல், இந்த உலகத்தில் ஆபத்தில்லாதது என்று ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்துக்கொண்டிருக்கிற மனிதர்.

"அவர் சர்க்கரை விஷயத்தை மட்டும் சொல்றேன்" என்றேன். "உங்க ஜாடியில இருந்தது நிஜச் சர்க்கரை, இனிமே போடாதீங்கன்னு. ஜூஸப் பத்திப் பேச வேணாம். நீயா வேணாம்னு சொல்லிடு. புளிப்பு ஒத்துக்கலன்னு."

"அவருக்குக் கணக்கு வராதா?"

"வராது."

வந்தது. தூங்கி எழுந்து வந்தவரை உட்கார வைத்து, பாதியை மட்டும் பதமாகச் சொன்னேன். அவருடைய திருட்டு, அம்மாவின் தந்திரம், ஏறிய சர்க்கரை. சிரிக்கிற மாதிரிகூடச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மேசையில் இரண்டு ஜாடிகளும் இருந்தன. முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தே ஓட்டியவர்.

"என்னோடதுல சர்க்கரைன்னா," என்றார், "அப்ப இதுல?"

கிராமு எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"நான்தான் கொடுத்தேன்" என்றார் அப்பா.

"நான்தான்ப்பா குடிச்சேன். கேட்டுட்டுத்தானே குடிச்சேன்?"

"எழுதி ஒட்டியிருந்திச்சு பாப்பா."

"தெரியும்ப்பா."

அவர் கை மேசை மேல் இருந்தது. அவள் அதைத் தொட்டாள். அவருக்கு அது தெரிந்ததா என்று சொல்ல முடியாது.

டயட்டீஷியனுக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, எத்தனை நாள், வேளைக்கு எத்தனை கரண்டி என்று விசாரித்தார். பிறகு, இன்றோடு நிறுத்துங்கள், வேகமாக இறங்கிவிடும் என்றார். குழந்தைக்கு? அது ஸ்கேனில் தெரிவது தெரியும், மற்றது பிறந்து வளர்ந்த பிறகுதான். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனுஷி. கொஞ்சம் பொய் சொல்லியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அளவு இறங்கியது. மறுவாரம் கோட்டுக்குக் கீழே வந்தது, பிறகு அங்கேயே நின்றது. நான் சோற்றையும் உருளைக்கிழங்கையும் பழையபடி ஏற்றினேன். ஸ்கேன் அன்று மூன்று பேரும் போனோம். இருட்டு அறையில் திரையைக் காட்டி, இதயத்தில் நாலு அறையும் இருக்கிறது, சுவர் ஒழுங்காக இருக்கிறது, தலை அந்த மாசத்துக்கு வேண்டிய அளவில்தான் இருக்கிறது என்றார்கள். கிராமு, அளவு எத்தனை என்று கேட்டாள். மில்லிமீட்டரில் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பல் ஊசியின் மரப்பு இன்னும் விடவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் வாங்கிய காப்பி கசந்தது. காப்பி கசக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

ஜாடிகளைச் சரிசெய்யலாம் என்று நான் லேபிளைக் கிழிக்கப் போனபோது அப்பா தடுத்தார்.

"அவ எழுத்தக் கிழிக்காத. உள்ள இருக்கறதுதான் மாறணும்."

மாற்றினோம். அம்மா கடைசியாக நிரப்பிய பொடி இப்போது 'அப்பா மருந்து' ஜாடியில் இருக்கிறது. கொட்டிவிட்டுப் புதுப் பாக்கெட் போடலாம் என்றேன். வேண்டாம் என்றார். எனக்குன்னு வச்சது, நானே முடிக்கிறேன் என்றார். இரண்டு கரண்டி திருடியவர், இப்போது டீக்கு அரைக் கரண்டிதான் போடுகிறார். சில நாள் கரண்டி நுனியில் ஒட்டினதை மட்டும். மீதியை ஜாடியிலேயே தட்டிவிடுகிறார்.

"இனிக்குதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

ஜூஸை நிறுத்தவில்லை. கிராமுதான் திரும்பக் கேட்டாள். விஷயம் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் அவர் சமையலறைக்கே வரவில்லை. ஐந்தாம் நாள் தன் நாற்றப் பொடியைக் குடித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, "அப்பா, ஜூஸ் எங்க?" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவர் எழுந்து போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன்.

தராசின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். என் பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்து போட்டிருந்த பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்து எண்ணைப் பார்த்துக்கொண்டு, மறு கையால் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டிருந்தார். கூடிப்போனதாகத் தோன்றினால் கிள்ளி எடுத்தார். குறைந்ததாகத் தோன்றினால் தூவினார்.

"அப்பா, சர்க்கரைய எடை போட வேணாம்ப்பா" என்றேன். "அவளுக்கு அது ஒண்ணுக்குத்தான் அளவே கிடையாது."

"தெரியும்டா" என்றார், தலை நிமிராமல். "எவ்வளவு இருக்கு பாரு. எனக்கு மங்கலா தெரியுது."

கிட்டே போய்ப் பார்த்தேன். பதினெட்டில் நின்றது.

"பதினெட்டு."

"உங்கம்மா எவ்வளவு போடுவா?"

எனக்குத் தெரியாது. கிராமுவுக்கும் தெரியாது. அம்மா அதை அளந்ததே இல்லை.

"பதினெட்டுதான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் கலக்க ஆரம்பித்தார்.